வாயில் பஞ்சு

"கடவாப்பல்ல எடுத்தாச்சு. இந்தப் பஞ்ச ஒரு மணி நேரம் நல்லா கடிச்சிக்கிட்டு இருங்க. துப்பக் கூடாது, எச்சில முழுங்கிடணும். இன்னிக்கு வாய் கொப்பளிக்க வேணாம், சூடா டீ வேணாம். முக்கியமா, பேசவே கூடாது பாய்!"

சிதம்பரம் பல் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

டீயை விட்டுவிடலாம். பேச்சை எப்படி விடுவது?

லால்பேட்டையில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். அப்துல் முத்தலிப் என்றால் ஏர் டிக்கெட்டைவிட அட்வைஸுக்குத்தான் பேர் ஜாஸ்தி. துபாய்க்கு டிக்கெட் கேட்டு வருபவனுக்கு, பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவதுவரை சொல்லித்தான் அனுப்புவேன். என் சம்சாரம் கூட வந்திருந்தால், "ஒரு மணி நேரத்த ஒரு மாசமா ஆக்குங்க டாக்டர்" என்றிருப்பாள்.

காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

விசிட்டிங் கார்டை எடுத்து, ஊர் பேரில் விரலை வைத்தேன்.

"பாவம், பேச வராது போல" என்று டிக்கெட்டைக் கொடுத்தார்.

பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் மெதுவாக ஆரம்பித்தார்.

"என் பேரு செல்லாயி, பாய். ஊட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. ஒரே பொண்ணு, கடலூர்ல கட்டிக் குடுத்துட்டேன். எங்க தெருவுல ஆரோக்கியராஜ்னு ஒருத்தரு, சைக்கிள் கடை வச்சிருக்காரு. அவருக்கும் சம்சாரம் இல்ல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேங்கறாரு."

'இந்த வயசுல எதுக்கும்மா? ஊரு சிரிக்காதா?' தொண்டைவரை வந்துவிட்டது. பஞ்சு தடுத்தது.

"ஊரு சிரிக்கும், தெரியும். ஆனா காய்ச்சல்ல கெடந்தப்ப அந்த ஊரு எட்டிப் பாக்கல. அவருதான் கஞ்சி வாங்கியாந்து வாசல்ல வச்சிட்டு, உள்ளகூட வராம போனாரு."

'மதம் வேற, மக என்ன சொல்லுவா?' அதையும் எச்சிலோடு முழுங்கினேன்.

"பொண்ணு அழுவா. ரெண்டு நாளு போன எடுக்க மாட்டா. அப்புறம் சரியாயிடுவா. 'தனியா சாப்பிடாதம்மா'ன்னு சொன்னவளே அவதானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் கண்ணைத் துடைத்தார். பிறகு தனக்குத்தானே சிரித்தார்.

"எனக்கும் அவரப் புடிச்சிருக்கு. இதச் சொல்ல எதுக்கு பயப்படணும்? இன்னிக்கே அவகிட்ட சொல்லிடுறேன்."

குமராட்சி தாண்டியபோது ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. பஞ்சை எடுத்திருக்கலாம். ஆனால், ஊமை என்று நம்பித்தானே மனசைக் கொட்டினார்? இப்போது வாயைத் திறந்தால் கூனிக் குறுகிப் போவாரே! கடித்த பஞ்சை விடவில்லை. அடடா, எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

லால்பேட்டை வந்தது. எழுந்து, நெஞ்சில் கை வைத்து விடைபெற்றேன்.

"ரொம்ப நன்றி பாய்" என்றார் செல்லாயி. "யாருகிட்ட ஆரம்பிச்சாலும், முடிக்க வுடாம அட்வைஸ் பண்றாங்க. அதான், ஒரு மணி நேரம் நீங்க பேசவே கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது வெளிய கேட்டதும், எம் பல்லக்கூட காட்டாம உங்க பின்னாடியே ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்!"