ஏழாம் நம்பர் பங்குதாரர்

“ஊரு உலகத்துல எவனாச்சும் தானாப் போய் விலையைக் குறைப்பானா? கம்பெனி நடத்துறானுவளா, அன்னதானம் போடுறானுவளா?”

வலங்கைமான் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் ரெங்கசாமி மூன்று வாரமாக இதையேதான் கத்திக்கொண்டிருந்தார். யூரியா வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மூட்டையோடு இந்தக் கேள்வியும் இலவசமாகக் கிடைத்தது.

விஷயம் இதுதான். குவிரா கம்ப்யூட்டர்ஸ் தன் லேப்டாப்பின் விலையை ஒரே அடியாக ஒன்பதாயிரம் ரூபாய் குறைத்துவிட்டது. மறுநாளே அதன் ஷேர் சரிய ஆரம்பித்தது. அறுநூற்றுப் பத்தில் இருந்தது, நானூறுக்கு வந்துதான் உட்கார்ந்தது.

சொந்தப் பணம் போனதைக்கூட ரெங்கசாமி தாங்கிக்கொள்வார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்களே! பேக்கரி குழந்தைராஜ் ஐம்பது ஷேர். தங்கை மங்களாம்பிகை முந்நூறு. வயலில் போர் போடுவதற்கென்று அவள் வைத்திருந்த பணம் அது.

குழந்தைராஜ் தினமும் கடைக்கு வந்து திட்டினார். அது பரவாயில்லை. திட்டிவிட்டு ஒரு டீயும் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

மங்களாம்பிகை திட்டவே இல்லை. பார்க்கும்போதெல்லாம், “சாப்ட்டியாண்ணே?” என்று மட்டும் கேட்டாள். ரெங்கசாமி அவள் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டு, வாய்க்கால் பக்கமாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போக ஆரம்பித்தார்.

அப்போதுதான் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் வீடியோவில் நடக்கும். பேச விரும்பும் பங்குதாரர்கள் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம்.

ரெங்கசாமி கொடுத்தார். ஏழாம் நம்பர் கிடைத்தது. பேச மூன்று நிமிடம்.

“மூணு நிமிஷம் எதுக்குய்யா? ஒரு நிமிஷம் போதும், கிழிச்சுத் தொங்கவிட்டுடறேன்” என்றார் குழந்தைராஜிடம்.

“போன்லயா பேசப் போறீங்க? மூஞ்சி தீப்பெட்டி சைஸுக்குத் தெரியும். யாரு பயப்படுவா?”

அதுவும் நியாயம்தான். விஷயம் மங்களாம்பிகையின் காதுக்குப் போக, “நம்ம வீட்டுக்கு வாண்ணே. வானதியோட லேப்டாப் இருக்கு” என்று கூப்பிட்டாள். வானதி அவள் மகள். தினமும் தஞ்சாவூர் போய் இன்ஜினியரிங் படிக்கிறாள்.

கூட்டத்தன்று ரெங்கசாமி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தார். குழந்தைராஜும் கடையை மூடிவிட்டு வந்துவிட்டார். லிங்க்கைத் தட்டி, கேமராவைச் சரிபார்த்து, மைக்கை எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தாள் மங்களாம்பிகை.

முதல் ஆறு பேரும் கம்பெனியின் ஆண்டறிக்கை அழகாக அச்சாகியிருப்பதாகப் பாராட்டினார்கள்.

“ஏழாம் நம்பர்... திரு ரெங்கசாமி, வலங்கைமான்” என்று திரையில் கூப்பிட்டார் கம்பெனித் தலைவி ஜெயபாரதி.

ரெங்கசாமி தொண்டையைச் செருமினார்.

“வணக்கம். நான் உரம் விக்கிறவன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, யாவாரம் தெரியும். நல்ல சரக்குன்னா எதுக்கும்மா விலையைக் குறைக்கணும்? பங்குதாரன் வயித்துல அடிச்சு வாங்குறவனுக்குப் பிரியாணி போடுறீங்களா? ரெண்டு காசு கூடக் குடுத்தாலும் ஜனங்க நல்லதைத்தாம்மா வாங்குவாங்க!”

குழந்தைராஜ் சத்தம் வராமல் கைதட்டினார்.

“என்னை விடுங்க. என் தங்கச்சி போர் போட வச்சிருந்த காசும்மா. ஆத்துத் தண்ணிய நம்பி இன்னும் எத்தனை வருஷம்...” மங்களாம்பிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயபாரதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்க கோபம் நியாயம் சார். மறைக்காம சொல்லிடறேன். இந்த வருஷம் முழுக்க எங்க லேப்டாப் கடையில தூங்குச்சு. ஜனங்க எடுத்துப் பார்க்கறாங்க, நல்லா இருக்குன்னு சொல்றாங்க. அப்புறம் பக்கத்துல எட்டு ஒம்பதாயிரம் கம்மியா இருக்கறதை வாங்கிட்டுப் போயிடறாங்க. விலையைக் குறைக்கலேன்னா அடுத்த வருஷம் கம்பெனியே இருக்காது.”

“அப்படி எந்த ஊர்ல வாங்குறான்? ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம்!”

ஜெயபாரதி பொறுமையாகச் சிரித்தார்.

“ஆளை விடுங்க சார். உங்க முகம், குரல் எல்லாம் எவ்வளவு தெளிவா வருது, பாருங்க. எங்க லேப்டாப்தானே?”

ரெங்கசாமி குழந்தைராஜைத் திரும்பிப் பார்த்தார்.

குழந்தைராஜ் எழுந்துபோய் லேப்டாப்பின் மூடியை எட்டிப் பார்த்தார். அதில் வேறு கம்பெனியின் பெயர் பளபளத்தது.

முந்நூறு சொச்சம் பங்குதாரர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அத்தனை பேர் முன்னால் அண்ணன் திணறுவதை மங்களாம்பிகையால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டென்று கேமராவுக்கு முன்னால் குனிந்தாள்.

“அண்ணனைத் தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா, இது எம் பொண்ணோடது. நான் உங்க லேப்டாப்தான் வாங்கறதா இருந்தேன். அண்ணன்தான் கடைவரைக்கும் கூடவே வந்து, ‘அது யானை விலை சொல்றான், வேணாம். லேப்டாப்பை இவன்கிட்ட வாங்கு, ஷேரை மட்டும் அவன்கிட்ட வாங்கு’ன்னு சொன்னாரு!”