எந்தக் கம்பெனி பிஸ்டல்?

"துப்பாக்கியைக் கொஞ்சம் வெளிச்சத்துல காட்டுங்க," என்றார் வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

வந்தவன் காட்டினான். முகத்தில் கைக்குட்டை கட்டியிருந்தான். பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரரின் மனைவி கட்டுண்டு கிடந்தாள், வாயில் துண்டு. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் இவ்வளவும் ஆகியிருந்தது.

"சார், நான் திருட வந்திருக்கேன். பீரோ சாவி எங்க?"

"தரேன், தரேன். இது ஏர் பிஸ்டல்தானே? காத்தை அடைச்சு சுடுறது?"

திருடன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தான். "அப்படியா?" என்றான்.

வீட்டுக்காரருக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள், அவற்றில் அடுக்கடுக்காகப் பழைய ஏர் பிஸ்டல்கள். எவர் வீட்டுப் பரணில் எது அகப்பட்டாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பார்த்த மாத்திரத்தில் கம்பெனியும் வருஷமும் சொல்லிவிடுவார்.

இது மட்டும் பிடிபடவில்லை. "குழலுக்கு மேல லீவர். கைப்பிடிக்குள்ள ஸ்பிரிங். முத்திரையே காணோமே. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"கைக்கு எட்டுற இடத்துல இருந்துது சார்."

மனைவி நாற்காலியோடு குதித்தாள். அலமாரிப் பக்கம் தலையை ஆட்டி ஆட்டி முனகினாள்.

"தெரியும்மா, வைக்க இடமில்லதான்," என்று அவளைச் சமாதானப்படுத்தினார். "இது ஒண்ணே ஒண்ணு. இனிமே வாங்க மாட்டேன்."

திருடன் பக்கம் திரும்பியபோது குரல் குழைந்திருந்தது. "இதை எனக்குக் கொடுத்துடுங்களேன்."

"கொடுத்துட்டா நான் எதைக் காட்டி மிரட்டுறது?"

"மிரட்டவே வேண்டாம். நானே எடுத்துத் தரேன்."

பீரோ திறந்தது. மனைவியின் நெக்லஸ் வந்தது, வளையல்கள் வந்தன. திருடன் யோசிப்பவன்போல் மோவாயைச் சொறிந்தான். கல் பதித்த தோடும் வந்தது.

"மனசே இல்ல சார்," என்று பிஸ்டலை நீட்டினான். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அப்புறம்தான் மனைவியின் ஞாபகமே வந்தது.

கட்டை அவிழ்த்துத் துண்டை எடுத்தார். அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"நகை போனா போகுது விடும்மா," என்றார், பிஸ்டலை மடியில் வைத்துத் தடவியபடி. "இப்படி ஒண்ணை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நம்ம மேல்தட்டுல, வாரா வாரம் நான் தூசி தட்டி வைக்கிறதுங்க அது."