அண்ணன் பேரு என்ன?

"கூட வந்தவன் யாரு, தாயி?"

ராமேஸ்வரம் ரயிலடியில் ஏட்டு இருவரையும் மடக்கினார்.

"அண்ணனுங்க. கோயில், தனுஷ்கோடியெல்லாம் சுத்திப் பாத்துட்டு ஊருக்குப் போறோம்," என்றாள் பூமயில்.

"ஓடிவந்த ஜோடியைத் தேடிப் பொண்ணு வீட்டு ஆளுக வெளிய அரிவாளோட நிக்கிறாக. பொய் சொன்னா அவுககிட்டயே விட்ருவேன். அண்ணன் பேரு என்ன?"

பூமயில் வாயைத் திறந்தாள். விரல் மட்டும் கோயில் கோபுரத்தைக் காட்டியது.

"ராமநாதனா?"

தலைகுனிந்தபடி ஆமென்றாள்.

"அண்ணன் பேரைச் சொல்ல எந்தத் தங்கச்சியும் இப்படிக் கூச்சப்படமாட்டா," என்ற ஏட்டு, விறுவிறுவென வாசலுக்கு நடந்தார். பக்கத்தில் நின்ற ராமநாதன் அவள் கையை இறுகப் பற்றினான். வாசலில் ஏட்டின் குரல் கேட்டது:

"ஏலே, இங்கன அண்ணன் தங்கச்சிதான் இருக்காக. தொண்டி பஸ்ஸைப் போய்ப் பாருங்க!"

திரும்பி வந்தவர் கிசுகிசுத்தார்:

"அடுத்தவாட்டி எவனாச்சும் கேட்டா, புருசன் பேரைப் பட்டுனு சொல்லிரு, தாயி."