தலைமுடியில் பன்னிரண்டு

செவ்வாய்க்கிழமை. மாலை வகுப்பில் இன்று செய்முறைத் தேர்வு. அவரவர் தலைமுடியில் இருக்கும் ஈயத்தை அவரவரே அளக்க வேண்டும். அளவு பத்தைத் தாண்டியவருக்குப் படிப்பு ஏறாது என்பது இப்போது சட்டம். வகுப்பில் வைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வந்தது. என் கைமேல் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். சோதனைக் குழாயைக் கழுவி, புதிதாக முடி வெட்டி, மறுபடி அளந்தேன். பன்னிரண்டு. மூன்றாம் முறையும் அதுவே. பக்கத்து மேசை ரோசலின் தன் பதினான்கை எட்டு என்று எழுதினாள். நான் மூன்றையும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஆல்பர்ட் சார் என் நோட்டைப் பார்த்தார்.

"மூணு தடவ பாத்தியாம்மா?"

"ஆமா சார். தப்பா இருக்குமோன்னு."

"தப்பே இல்ல. இந்த வகுப்புலயே நீதான் சுத்தமா செஞ்சிருக்க. நூத்துக்கு நூறு. நாளைலேர்ந்து வர வேணாம்."

வீட்டில் அம்மா சோறு போட்டாள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை. லாரிகள் ஈயப்புகை கக்கி உரசிப்போகும் எங்கள் வாசல் மரத்தில் பறித்தது. பல் முளைத்த நாளிலிருந்து அதைத்தான் சாப்பிடுகிறேன்.

"மார்க்கு என்னடி?"

"நூறும்மா."

"எல்லாம் இந்தக் கீரை குடுத்த மூளை" என்று இன்னொரு கரண்டி வைத்தாள்.