பார்த்தவன் பொறுப்பு

“யாரும் கிட்ட வராதீங்க! இன்ஜினுக்குள்ள குட்டி இருக்கு!”

கத்திக்கொண்டே காரிலிருந்து குதித்தான் ரித்வான்.

பனி விழும் மாதங்களில் பானெட்டைத் தட்டாமல் இஸ்தான்புல்லில் யாரும் வண்டியைக் கிளப்புவதில்லை. சூட்டுக்கு ஏங்கும் தெருப்பூனைகள் உள்ளே புகுந்து கிடக்கும். ரித்வானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறினான். சாவியில் கை வைத்தபோதுதான் உள்ளிருந்து அந்தச் சன்னக் குரல் வந்தது.

மூன்றாம் மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. அந்தச் சந்துப் பூனைகளுக்கெல்லாம் தினமும் இரை வைக்கும் ஃபெரிஹா தலையை நீட்டினாள்.

“தட்டினியா இல்லையாடா?”

“தட்டினேன் அக்கா! தட்டாம வண்டி எடுக்க நான் என்ன காட்டானா?”

“அப்ப பானெட்டைத் திற. என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நின்னா குட்டி வந்துடுமா?”

ரித்வான் மறுபடி உள்ளே குனிந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் துழாவினான். அங்கே இழுத்தான், இங்கே இழுத்தான். கண்ணாடி துடைப்பான்தான் ஆடியது. கருவிப் பையோடு அந்த வழியாக வந்த குழாய்க்காரர் ஷெவ்கி சிரித்துவிட்டார்.

“சொந்த வண்டியில பானெட் எங்க திறக்கும்னு தெரியலையா தம்பி?”

“கைக்கு வந்து இன்னும் பழகலண்ணே.”

ஷெவ்கி எட்டி ஒரு இழுப்பு இழுத்தார். பானெட் திறந்தது. இன்ஜினுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே, ஆழத்தில், ஒரு சாம்பல் நிற வால் நடுங்கிக்கொண்டிருந்தது. கை விட்டால் எட்டவில்லை.

“ஹாரன் அடி. பயந்து வெளிய ஓடிவரும்,” என்றார் ஷெவ்கி.

“ஐயோ, ஹாரன் வேண்டாம்!” ரித்வான் பதறினான். “இன்னும் உள்ள போயிடும்ணே.”

“அவன் சொல்றது சரிதான். உனக்குக் குழாய்தான் தெரியும், பூனை தெரியாது,” என்று மேலிருந்து தீர்ப்பு வந்தது.

“அப்ப அடித்தகட்டைக் கழட்டணும். நேரம் பிடிக்கும். கழட்டட்டுமா?”

ரித்வான் சந்தின் மேல் முனையை ஒருமுறை பார்த்தான். “கழட்டுங்கண்ணே.”

“வேலைக்கு நேரமாச்சாடா?” என்றாள் ஃபெரிஹா.

“ஆமாக்கா.”

“முதலாளி திட்டினா என் பேரைச் சொல்லு. இதோட அம்மா போன வாரம் மீன் வேன்ல அடிபட்டுச் செத்துச்சு. கூடப் பொறந்ததெல்லாம் குளிர்ல போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

ரித்வான் உருகிய பனிச்சேற்றில் மல்லாந்து படுத்தான். போல்ட்டு துருப்பிடித்திருந்தது. ஷெவ்கி ஸ்பேனரைப் பிடிக்க, இவன் உதைத்துத் திருப்பினான். சட்டைக்குள் சேறு இறங்கியது. தகடு ஒரு பக்கம் தொங்கியதும் கையை உள்ளே விட்டான்.

“அம்மாடி! கடிக்குதுண்ணே!”

“கடிக்கட்டும். கடிக்கத் தெம்பிருந்தா பொழைச்சுக்கும்.”

வெளியே வந்தது உள்ளங்கை அளவுக் குட்டி. உடம்பெல்லாம் கிரீஸ். முன்னங்கால் ஒன்று தொங்கியது. கடித்த வாயைத் திறந்து ஒருமுறை கத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது.

ஃபெரிஹா கடைச் சாமான் வாங்கும் கூடையைக் கயிற்றில் இறக்கினாள். உள்ளே ஒரு கம்பளித் துண்டு.

“சந்தோட கீழ்முனைப் படிக்கட்டு முடியிற இடத்துல மிருக டாக்டர் இருக்காரு. ஓடு!”

“குட்டியை என்கிட்ட குடு தம்பி,” என்றார் ஷெவ்கி. “நான் கொண்டுபோறேன். தகட்டைக் கம்பியால கட்டிட்டா வண்டி ஓடும். நீ வேலையைப் பாரு.”

ரித்வான் காரைப் பார்த்தான். சாவி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. குட்டியைப் பார்த்தான்.

“அந்தக் கதையே வேண்டாம்!” ஜன்னல் அதட்டியது. “இந்தத் தெருவுல பார்த்தவன்தான் பொறுப்பு. ஊசி போட்டு, கட்டுப் போட்டு, அது கண் முழிக்கிற வரைக்கும் கூடவே உட்காரணும். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு.”

“முடியும்க்கா.”

துண்டோடு குட்டியை மார்புச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான் ரித்வான்.

ஷெவ்கி வண்டிக்கு அடியில் படுத்துத் தகட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மேல்முனைச் சவரக்கடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். மழித்த கன்னத்தில் எலுமிச்சை வாசனை.

“யோவ்! என் காருக்கு அடியில என்னய்யா பண்றே?”

ஷெவ்கி வெளியே தலையை நீட்டினார். “உங்க காரா? அப்ப அந்தத் தம்பி...?”

“எந்தத் தம்பி? சாவியை விட்டுட்டுச் சவரம் பண்ணப் போனது ஒரு குத்தமா? திருட்டுப் பய! எந்தப் பக்கம் ஓடினான்?”

ஷெவ்கி அண்ணாந்து மேலே பார்த்தார். ஃபெரிஹா ஜன்னலை விட்டு அசையவில்லை.

“ஓடவெல்லாம் இல்ல. கீழ டாக்டர்கிட்டதான் உட்கார்ந்திருக்கான். குட்டி கண் முழிக்கட்டும், அப்புறமா போய்ப் பிடிச்சுக்க.”