மூன்றாம் ஓட்டை

“புது ஓட்டை வேணாம் பீற்றர். பக்கிள் பக்கத்தால வெட்டித் தைச்சுத் தாங்க.”

கொட்டாஞ்சேனையில் தோல் வேலைக் கடை வைத்திருந்த பீற்றர், ஸஹாப்தீன் நீட்டிய வாரை வாங்கினார். சோனக வியாபாரிகள் சாரத்துக்கு மேல் கட்டும், பை வைத்த அகலமான வார். மேசையில் யுத்தத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் வார்கள் குவிந்து கிடந்தன.

“நானா, மனுசன் முதல்ல வார் கட்டினது உடுப்பு விழாம இருக்க எண்டா நினைக்கிறீங்க? கத்தியத் தொங்கவிட! சல்லிப் பை எல்லாம் பிறகு வந்தது. அந்தா, அந்த நீளப் பட்டி அச்சு மெசினைச் சுத்த. இது பாபர் கடையில சவரக்கத்தி தீட்ட. எல்லாம் ஒரே தோல்தான். மெலிஞ்ச ஆளுக்கு உள்பக்கம் ஒரு ஓட்டை குத்தினாச் சரி.”

“உங்கட சரித்திரம் நல்லாத்தான் ஈக்கி. ஓட்டை வேணாம்.”

“ஏன்?”

ஸஹாப்தீன் மூன்றாம் ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். அங்கே தோல் மடிந்து கறுத்திருந்தது.

“கலியாணம் முடிச்ச காலத்துல இருந்து இந்த ஓட்டைதான். வாரக் கழட்டினா அஸீஸாதான் வாங்கி ஆணியில மாட்டுவா. வேற இடத்துல மடிப்பு விழுந்தா உடனே பிடிச்சிடுவா.”

“பிடிச்சா என்ன? கொஞ்சம் மெலிஞ்சிட்டீங்க, அவ்வளவுதானே?”

“டொக்டர் அப்படிச் சொல்லல்ல.” ஸஹாப்தீன் குரலைத் தாழ்த்தினார். “நெஞ்சுல வருத்தமாம். ஆஸ்பத்திரியில படுக்கட்டாம். கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே எண்டும் ஏசினார். எனக்கு எப்படித் தெரியும்? சாப்பாடு இறங்கல்லதான். ஆனா வார் இறுக்கமா நின்டுது. உடம்புக்கு ஒண்டுமில்ல எண்டு நினைச்சேன். இந்தக் கிழமைதான் திடீரெண்டு தொளதொளத்துப் போச்சு.”

பீற்றர் வாரைத் திருப்பி, பக்கிள் பக்கத் தையலைப் பார்த்தார்.

“வீட்டுல சொல்லிப் போடுங்க நானா.”

“மகள் லுத்பியாட கலியாணம் வாற மாசம். தெரிஞ்சா அஸீஸா கலியாணத்த நிப்பாட்டிப் போடுவா. அது முடியட்டும், நானே சொல்றேன்.”

பீற்றர் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பக்கிளைக் கழற்றி, அந்த முனையை வெட்டி, மீண்டும் மடித்துத் தைத்தால் வார் குட்டையாகிவிடும். பக்கிள் முள் மட்டும் பழைய ஓட்டையிலேயே விழும். தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

“நூல் புதுசு மாதிரி ஈக்கிதே பீற்றர்?”

“மெழுகு போட்ட நூல் நானா. இலேசில பழசாகாது.”

“வேலையவிட உங்கட வாய் நல்லா ஓடுது.”

தைத்து முடிந்ததும் ஸஹாப்தீன் வாரைக் கட்டிப் பார்த்தார். முள் மூன்றாம் ஓட்டையில் இறங்கியது. வந்ததிலிருந்து இப்போதுதான் சிரித்தார்.

“அஸீஸா கெட்டிக்காரி. ஆனா இதக் கண்டுபிடிக்க ஏலாது.”

“ஏலாது நானா,” என்றார் பீற்றர்.

அவர் தெருவில் இறங்கிப் போனதும், பிரித்துப் போட்ட நூலைப் பீற்றர் குனிந்து பொறுக்கினார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஸஹாப்தீன் வாரைக் கழற்றி வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில், அதே வாரை அஸீஸா கொண்டுவந்து அதே பக்கம் வெட்டுவித்தபோது பீற்றரே தைத்த நூல் அது.

“மெலியிறது அவருக்கே தெரியக்கூடாது பீற்றர்,” என்று அன்றைக்கு அவள் சொல்லியிருந்தாள், “தெரிஞ்சா பயந்துபோய் மகள்ட கலியாணத்த நிப்பாட்டிப் போடுவார்.”