ஏழு மணிக்குள்

'ஊக்கமருந்து சோதனைக்கு ஆள் வந்து உட்கார்ந்திருக்கார்' என்று மனைவியிடமிருந்து செய்தி வந்தபோது காலை மணி ஆறு நாற்பது.

பன்னிரண்டு நாளாக அவள் போனை எடுக்காமல் நண்பனின் அறையில் முறுக்கிக்கொண்டு கிடந்த சைக்கிள் பந்தய வீரன், பதறிப்போய் அவனே அழைத்தான்.

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"வெளியே போயிருக்கீங்கன்னு சொன்னேன். ஏழு மணி வரைக்கும்தான் இருப்பாராம்."

திடீர்ச் சோதனைக்கு வசதியாக, தினமும் ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் இருப்பேன் என்று ஊக்கமருந்து தடுப்பு அமைப்புக்கு எழுதிக் கொடுத்தவனே அவன்தான். சண்டை போட்டுக் கிளம்பிய வேகத்தில் முகவரியை மாற்ற மறந்துவிட்டான். ஏற்கெனவே இரண்டு முறை ஆள் வந்தபோது அவன் வீட்டில் இல்லை. மூன்றாவதும் தவறினால் இரண்டு வருடத் தடை. முப்பத்தொரு வயதில் அதோடு எல்லாம் முடிந்தது.

"எப்படியாவது உட்கார வை, வந்துடறேன்!"

பதினோரு கிலோமீட்டர். மைதானத்தில் எதிராளியைத் துரத்திப் பிடிப்பதுதான் அவன் பந்தயம். ஆனால் எந்த எதிராளிக்காகவும் அவன் இப்படி மிதித்ததில்லை.

ஆறு ஐம்பத்தெட்டுக்கு சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான்.

"சார்... வந்துட்டேன்... பாட்டிலைக் கொடுங்க!"

சோபாவில் இருந்தவர் சங்கடத்தோடு எழுந்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றினார். அதில் மனைவி வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர் இருந்தது.

"நான் கிளம்பறேன் மேடம், ஆபீஸ்ல பார்க்கலாம்."

அவர் போனதும் மனைவி கதவைத் தாழிட்டாள்.

"பன்னெண்டு நாளா நான் கூப்பிட்டேன், அசையலை. ஒரு பாட்டில் ஒண்ணுக்குக் கேட்டதும் பறந்து வந்துட்டீங்களே!"